ஏலத் தளத்தில் எந்தப் பொருளை விற்பது?

கேள்வி: நான் கும்பகோணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராகப் பணிபுரிகிறேன். மாலை நேரங்களில் ஈபே போன்ற இணைய ஏலத் தளங்களில் பொருள் விற்றுக் கூடுதல் வருமானம் ஈட்ட விரும்புகிறேன். கையில் இரண்டு லட்சம் ரூபாய் இருக்கிறது. கைபேசி உறைகள், பழைய நாணயங்கள், நாச்சியார்கோவில் குத்துவிளக்குகள் ஆகிய மூன்றும் நல்ல இலாபம் தரும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்? ஏலத்தில் விடுவதா, நிலையான விலை வைப்பதா? நன்றாகப் போனால் வேலையை விட்டுவிடலாமா? என் தந்தையார் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நானும் அவரிடம் அந்த வேலையைக் கற்றவன்தான். கடையை மூடியபின் சாமான்கள் எல்லாம் பரணில் கிடக்கின்றன. பொறுமையாக உட்கார்ந்து செய்யும் வேலை எனக்குப் பழக்கம் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

மூன்று பொருள்களைக் குறிப்பிட்டு அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தருமாறு கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே வேண்டாம் என்றுதான் சொல்வேன். பொறுமைக்குச் சான்றாகப் போகிற போக்கில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன நான்காவது பொருள், அதாவது கைக்கடிகாரமும் அதன் உதிரி பாகங்களும்தான் உங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. சிறு ஏற்றுமதியாளர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதையும் விளக்கிவிடுகிறேன். நாளை நீங்கள் வேறொரு பொருளுக்கு மாற நினைத்தாலும் அதே வழியில் சோதித்துக்கொள்ளலாம்.

முதலில், நீங்கள் விற்கப்போகும் இடத்தைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். 1995-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே, 2004-இல் பாஸி என்ற இந்திய ஏலத் தளத்தை விலைக்கு வாங்கி இங்கே நுழைந்தது. அந்த உள்நாட்டுத் தளம் 2018-இல் மூடப்பட்டது. இன்று இந்தியாவிலிருந்து ஈபேயில் விற்பவர், வெளிநாட்டில் இருப்பவருக்கு விற்கிறார். அதாவது, நீங்கள் தொடங்க நினைப்பது மாலை நேர வியாபாரம் என்பதோடு, சட்டத்தின் பார்வையில் ஏற்றுமதியும் ஆகும். பொருளின் எடை, சுங்க வரி, ஏற்றுமதித் தடைச் சட்டங்கள், திரும்பி வரும் பொருளுக்கான செலவு ஆகிய நான்கும் இதனால் தேர்வுக்குள் வந்துவிடுகின்றன. ‘எது நன்றாக விற்கும்’ என்று பேசும் காணொளிகளில் பெரும்பாலானவை இந்த நான்கையும் தொடுவதே இல்லை.

கைபேசி உறையைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அதைத் தயாரிக்கிற சீன நிறுவனங்களே அதே தளத்தில் நேரடியாக விற்கின்றன. நீங்கள் இங்கே மொத்த விலைக்கு வாங்கும் தொகையைவிடக் குறைவாகவே அங்கே சில்லறை விலை இருக்கும். புகழ்பெற்ற நிறுவனத்தின் சின்னமோ திரைப்படக் கதாபாத்திரத்தின் உருவமோ அச்சான உறையை விற்றால், உரிமையாளரின் புகாரின்பேரில் பட்டியல் நீக்கப்படும். புதிய கணக்காக இருந்தால் கணக்கே முடக்கப்படவும் கூடும்.

நாணயம் அதைவிடச் சிக்கலானது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய நாணயத்தையும் தொல்பொருள் என்றே கொள்கிறது. தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்வதற்கு அச்சட்டத்தில் இடமில்லை. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. விக்டோரியா மகாராணியின் உருவம் பொறித்த வெள்ளி ரூபாயை ஒரு தபால் உறையில் போட்டு லண்டனுக்கு அனுப்புவது இந்த வரையறைக்குள் நேராக விழுகிறது. தளத்தில் அப்படிப்பட்ட நாணயங்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். அவற்றில் பல வெளிநாட்டிலேயே இருக்கும் விற்பனையாளர்களுடையவை. மீதமுள்ளவற்றைப் பார்த்துத் துணிவு கொள்ள வேண்டியதில்லை. நூறாண்டுக்கு உட்பட்ட நாணயங்களோ, ஒருசில அரிய வகைகளைத் தவிர, தபால் செலவுக்குக்கூடக் கட்டுப்படியாகாத விலைக்குத்தான் போகின்றன. ‘உங்களிடம் இருக்கும் ஐந்து ரூபாய் நாணயம் லட்சக்கணக்கில் விலைபோகும்’ என்று சொல்லி முன்பணம் கறக்கும் மோசடியைக் குறித்து ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. நீங்கள் பார்த்த காணொளிகள் அந்த வகையைச் சேர்ந்தவையா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நாச்சியார்கோவில் விளக்கின் மீது எனக்கு மரியாதை உண்டு. அதை வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் அதன் எடைதான். ஓரடி உயர விளக்கே கிலோக் கணக்கில் இருக்கும். பித்தளை எடைக்கு விலை போகும் பொருள் என்பதால் கொள்முதலிலும் உங்களுக்குத் தனிச் சலுகை கிடைக்காது. அயல்நாட்டுக்கு அனுப்பும் செலவு விளக்கின் விலையை எட்டிப்பிடித்துவிடும். வாங்கக்கூடியவர்களோ பெரும்பாலும் வெளிநாடு வாழ் தமிழர்கள். அவர்கள் ஊருக்கு வரும்போது நேரில் பார்த்து வாங்கிச் செல்கிறார்கள். புது விளக்கை விட்டுப் பழைய விளக்குக்குப் போனால் விலை கூடும் என்று தோன்றும். ஆனால் அங்கே மறுபடியும் நூறாண்டுக் கேள்வி எழுகிறது. பழமையான தோற்றமுள்ள எந்தப் பொருளையும் சுங்க அலுவலர் நிறுத்தி வைக்கலாம். ‘இது தொல்பொருள் அன்று’ என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் பெற்றால்தான் அது நகரும். ஒற்றை விளக்குக்காக அந்த அலைச்சலைத் தாங்கும் அளவுக்கு இலாபம் அதில் இல்லை.

சரி, ஒரு பொருள் விற்கும் என்பதை எப்படித்தான் அறிவது? தளத்திலேயே இதற்கான விடை இருக்கிறது. ஒரு பொருளைத் தேடியபின், ‘விற்றவை’ மட்டும் தெரியும்படி வடிகட்டிப் பார்க்கலாம். ஏறத்தாழக் கடந்த 90 நாள்களில் உண்மையாக விலைபோனவை மட்டும் அதில் வரும். விற்பனையாளர்கள் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாறுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கேட்கும் விலைக்கு எல்லை கிடையாது, பத்து டாலர் பொருளுக்கு ஆயிரம் டாலர் எழுதி வைப்பதை யாரும் தடுப்பதில்லை. விற்றவற்றின் எண்ணிக்கையை, இப்போது விற்பனைக்குக் காத்திருப்பவற்றின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். மூன்று மாதத்தில் 20 விற்று, 400 காத்திருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். 60 விற்று, 50 காத்திருந்தால் அது வாங்குவோர் தேடிவரும் பொருள். விலையின் மீது கோடு அடித்து ‘பேரம் ஏற்கப்பட்டது’ என்று காட்டினால், கோடு அடித்த விலைக்குக் கீழே எங்கோ விற்றிருக்கிறது என்றுதான் பொருள். அதைச் சராசரியில் சேர்க்காதீர்கள். விற்பனையாளர் கணக்கு தொடங்கியபின் டெராபீக் என்ற ஆய்வுக் கருவியும் அங்கேயே கிடைக்கும். அது மூன்று ஆண்டுகள் வரையிலான விற்பனையைக் காட்டுவதால், பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும் பொருள்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

இவ்வாறு பார்த்துக் கிடைக்கும் தகவல் உங்களுக்குத் தெரிவதுபோலவே எல்லோருக்கும் தெரியும் என்பதை மறந்துவிடக் கூடாது. யாரும் பார்க்கக்கூடிய விலைப்பட்டியலிலிருந்து மட்டும் யாருக்கும் நிலையான இலாபம் வராது. வாங்கும் இடத்தில் அந்தப் பொருளை உங்களுக்கு விற்பவரைவிட உங்களுக்கு அதைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். விற்கும் இடத்தில் மற்ற விற்பனையாளர்கள் சொல்ல முடியாத ஒன்றை நீங்கள் உறுதியாகச் சொல்ல முடிய வேண்டும். கைபேசி உறையிலும் நாணயத்திலும் விளக்கிலும் உங்களுக்கு இந்த இரண்டும் இல்லை. கைக்கடிகாரத்தில் இருக்கிறது.

எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் கடிகார ஆலையைத் தொடங்கியது. அதன் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆகவே ஜனதா, பைலட் போன்ற சாவி கொடுக்கும் கடிகாரங்களும் காஞ்சன் போன்ற தானியங்கிக் கடிகாரங்களும் பழைய இயந்திரங்களோடு இனி ஆலையிலிருந்து வர வாய்ப்பு குறைவு. சுவிஸ் கடிகாரத்துக்குப் பெருந்தொகை கொடுக்க இயலாத வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள், எளிய விலையில் கிடைக்கும் நல்ல இயந்திரக் கடிகாரம் என்ற முறையில் இவற்றைத் தேடுகிறார்கள். டயலில் தேவநாகரி எழுத்து இருந்தால் அதற்கென்று தனி விருப்பம் உண்டு. உள்ளங்கையில் அடங்கும், எடை குறைவு, நூறாண்டுச் சட்டத்துக்குள் வர வாய்ப்பே இல்லை, மின்கலம் இல்லாததால் தபாலில் அதற்கான தடையும் இல்லை. நான் மேலே சொன்ன தடைகளில் பெரும்பாலானவற்றை இந்தப் பொருள் தானாகவே தாண்டிவிடுகிறது.

ஆனால் இந்தச் சந்தைக்கு ஒரு கெட்ட பெயர் இருக்கிறது. உங்கள் வாய்ப்பு அதில்தான் அடங்கியிருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பழைய எச்.எம்.டி., சீக்கோ, ஃபேவர்-லூபா கடிகாரங்களின் மங்கிய டயலைச் சுரண்டிவிட்டு, ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று ஆலையில் ஒருபோதும் செய்யாத வண்ணங்களைத் தீட்டி, வேறு வேறு கடிகாரங்களின் பாகங்களைக் கலந்து பொருத்தி, ‘அசல்’ என்று சொல்லி இந்தியாவிலிருந்து பெருமளவில் விற்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோருக்கு அவர்கள் சொல்லும் முதல் அறிவுரையே இந்திய விற்பனையாளரிடம் வாங்காதே என்பதுதான். நேர்மையாக விற்பவரும் இந்த அவநம்பிக்கைக்கான தள்ளுபடியைச் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தள்ளுபடியை உடைக்க உங்களைப் போன்றவரால் முடியும். லென்ஸைக் கண்ணில் வைத்து டயலைப் பார்த்த மாத்திரத்தில் அச்சிட்ட எழுத்தின் ஓரம் கசிந்திருக்கிறதா, எழுத்து ஒரே தடிப்பில் இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். பின்மூடியைத் திறந்தால் இயந்திரம் அந்த மாதிரிக்கு உரியதுதானா, பாலம் (சக்கரங்களைத் தாங்கும் தகடு) ஏதும் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதும் தெரியும். ஒவ்வொரு பட்டியலிலும் டயல், பின்மூடியின் உட்புறம், இயந்திரம், டயலின் அடிப்பக்க எழுத்து என நெருக்கமான படங்களைப் போடுங்கள். நாளொன்றுக்கு எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதை எழுதுங்கள். கிரவுன் (சாவி கொடுக்கும் திருகு) மாற்றப்பட்டிருந்தால் மாற்றப்பட்டது என்றே எழுதுங்கள். டயலில் கறை இருந்தால் துடைக்கவோ தீட்டவோ வேண்டாம். நம் ஊர் வாடிக்கையாளர் பளபளப்பைக் கேட்பார். சேகரிப்பாளரோ கைபடாத கறைக்கே கூடுதல் விலை கொடுப்பார். தந்தையாரிடம் நீங்கள் கற்ற வேலையில் இந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இருந்தாலும் கடிகாரத்திலிருந்து நீங்கள் தொடங்க வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உடனே தோன்றியது பரணில் இருக்கும் உதிரி பாகங்கள்தான். அந்தக் காலத்துக் கடைகளில் ஃபேவர்-லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற சுவிஸ் கடிகாரங்களுக்காக ஏ. ஷில்ட், எஃப்.எச்.எஃப்., ஈ.டி.ஏ. ஆகிய சுவிஸ் நிறுவனங்கள் செய்த இயந்திரங்களின் பாகங்களைச் சிறு தாள் உறைகளிலும் தகர டப்பாக்களிலும் வாங்கி வைப்பது வழக்கம். அவற்றில் பல இன்று ஆலையில் செய்யப்படுவதில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பொழுதுபோக்காகக் கடிகாரம் பழுதுபார்ப்போர் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓர் இயந்திரத்தின் பேலன்ஸ் ஸ்டாஃப் (ஊசலாடும் சக்கரத்தின் அச்சு) உடைந்தால், அவர்கள் இயந்திர எண்ணையும் பாக எண்ணையும் அப்படியே தட்டச்சு செய்து தேடுவார்கள். சுவிஸ் முறையில் வைண்டிங் ஸ்டெம் 401, பேலன்ஸ் ஸ்டாஃப் 723, மெயின் ஸ்பிரிங் 770 என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பட்டியலின் தலைப்பில் அழகான சொற்களுக்குப் பதிலாக இந்த எண்கள் இருந்தால் போதும். உறை கடிதத்தின் எடைதான் இருக்கும். ‘டயல் அசல் இல்லை’ என்ற சண்டைக்கு இடமில்லை. முதலீடு என்று புதிதாக எதுவும் போட வேண்டியதில்லை. புதிய விற்பனையாளருக்கு மாதம் இத்தனை பொருள், இத்தனை தொகை என்று தளம் வரம்பு வைக்கும்; வாங்கியவர்களின் நற்குறிப்புகளைச் சேர்த்துக்கொண்டு அந்த வரம்பை உயர்த்த, சிறு விலை உதிரி பாகங்களைவிட ஏற்ற சரக்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பரணைப் பிரிக்கும்போது சிலவற்றைத் தனியே ஒதுக்குங்கள். இருட்டில் ஒளிரும் பழைய முட்களிலும் ஒளிப்பூச்சுக் குப்பிகளிலும் ரேடியம் இருக்கலாம். அதைச் சுரண்டவோ, தபாலில் அனுப்பவோ கூடாது. சுத்தம் செய்யும் பெட்ரோல், திரவங்கள், பட்டன் பேட்டரிகள் ஆகியவற்றையும் வெளிநாட்டுத் தபாலில் சேர்க்க வேண்டாம். பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு யாரும் திரும்பி வாங்காத கடிகாரங்கள் இருந்தால், அவை இன்னும் வாடிக்கையாளருடையவை என்பதை மறவாதீர்கள். சீட்டில் பெயர் இருந்தால் தேடிக் கொடுத்துவிடுங்கள், கும்பகோணம் அவ்வளவு பெரிய ஊர் இல்லை.

உதிரி பாகங்களில் பழகியபின் கடிகாரம் வாங்கத் தொடங்கும்போது, எந்த விலைக்கு வாங்கலாம் என்பதைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். முறையைக் காட்டுவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்கிறேன். ஒரு கடிகாரம் 3,400 ரூபாய்க்கு விற்கிறது. தபாலுக்கென்று வாங்குபவர் 900 ரூபாய் தருகிறார். தளத்தின் கட்டணம் பொருளின் விலையோடு தபால் தொகையையும் சேர்த்து விதிக்கப்படுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை; 4,300 ரூபாய்க்கு நூற்றுக்குப் பதினைந்து என்று வைத்தால் 645 ரூபாய். அயல்நாட்டு விற்பனைக் கட்டணமும், பணத்தை ரூபாயாக மாற்றித் தரும் பேயொனீர் கட்டணமுமாக நூற்றுக்கு நான்கு, 172 ரூபாய். தபாலுக்கு 950, அட்டைப்பெட்டிக்கும் பபிள் ராப்புக்கும் 80. இருபதில் ஒன்று தொலையும் அல்லது தகராறில் முடியும் என்று எண்ணி, நூற்றுக்கு ஐந்து ஒதுக்கினால் 215. கடிகாரத்தின் கொள்முதல் 1,200, பாகங்களுக்கு 300, புதுப் பட்டைக்கு 150. எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 588 ரூபாய். இனி இதே கடிகாரம் ஏலத்தில் 2,600 ரூபாய்க்கு முடிந்துவிட்டது என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 20 ரூபாய் நட்டம் வரும். உங்கள் உழைப்புக்கு நான் இன்னும் ஒரு காசும் எழுதவில்லை.

தகராறுக்கு ஒதுக்கும் தொகையை மிகை என்று எண்ண வேண்டாம். ‘விவரித்தபடி இல்லை’ என்று வாங்கியவர் முறையிட்டால், திருப்பி அனுப்பும் செலவு உங்களைச் சேரும். அமெரிக்காவிலிருந்து கும்பகோணத்துக்கு ஒரு பொட்டலம் திரும்பி வரும் செலவு பல சமயம் கடிகாரத்தின் விலையைவிடக் கூடுதலாகிவிடும் என்பதால், பொருளை அவரிடமே விட்டுவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதே சிக்கனமாக இருக்கும்.

சுங்க வரியை மேலே உள்ள கணக்கில் நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை, ஏனெனில் அது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவுக்கு 800 டாலர் வரையிலான சிறு பொட்டலங்கள் வரியின்றி நுழையும் சலுகை 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதியோடு நீங்கிவிட்டது. அதையொட்டி நிறுத்தப்பட்ட இந்திய அஞ்சல் சேவை, வரியை அனுப்புபவரிடமே முன்கூட்டி வசூலிக்கும் ஏற்பாட்டோடு அக்டோபர் 15-ஆம் தேதி மீண்டும் தொடங்கியது. விகிதம் அரசியலுக்கேற்ப மாறுவது. அனுப்பும் வாரத்தில் தபால் நிலையத்தில் கேட்டுக்கொண்டு, அந்த விகிதத்தில் உங்கள் இலாபம் மிஞ்சுமா என்று பாருங்கள். மிஞ்சாவிட்டால் அமெரிக்காவை அனுப்பும் நாடுகளின் பட்டியலிலிருந்து தயங்காமல் நீக்கிவிடலாம். பிரிட்டனில் 135 பவுண்டு வரையும், ஆஸ்திரேலியாவில் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையும், உள்ளூர் வரியைத் தளமே வாங்குபவரிடம் வசூலித்துக் கட்டிவிடுகிறது. உங்களுக்கு வேலை இல்லை என்றாலும், வாங்குபவர் தன் மொத்தச் செலவை மனத்தில் வைத்துத்தான் ஏலம் கேட்பார். ஆகவே அந்த வரியின் ஒரு பகுதியை உங்கள் விலை தாங்குகிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ‘ஏலத் தளம்’ என்று பெயர் நிலைத்துவிட்டாலும், அங்கே நடக்கும் விற்பனையில் பெரும்பகுதி இன்று நிலையான விலைக்குத்தான் நடக்கிறது. ஏலம் என்பது விலை தெரியாத பொருளுக்கானது. அதிலும், அந்தப் பொருளை விரும்பும் இருவராவது அதே வாரத்தில் அதைக் கண்டுகொண்டால்தான் விலை ஏறும். ஒருவர் மட்டும் வந்தால், நீங்கள் எழுதிய தொடக்க விலைக்கே அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஜனதா போல வாரந்தோறும் விற்கும் மாதிரிகளுக்கும், உதிரி பாகங்கள் அனைத்துக்கும் நிலையான விலை வையுங்கள்; கடிகாரத்துக்கு மட்டும் பேரத்துக்கு இடம் கொடுங்கள். ‘விற்றவை’ பட்டியலில் ஒன்றோ இரண்டோ மட்டும் அகப்படுகிற, விலைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாத அரிய டயல் ஏதேனும் கைக்கு வந்தால் அதை ஏலத்தில் விடுங்கள். ஏழு நாள் ஏலமாக வைத்து, பிரிட்டனின் ஞாயிறு மாலையில் முடியும்படி தொடங்குங்கள். நமக்கு அது திங்கள் அதிகாலையாக இருக்கும். தொடக்க விலை, நீங்கள் நட்டமின்றிக் கொடுக்கக்கூடிய விலையாக இருக்கட்டும். ஒரு டாலரில் தொடங்கினால் கூட்டம் சேரும் என்ற அறிவுரை, கூட்டம் ஏற்கெனவே இருக்கிற பொருளுக்கு மட்டுமே பொருந்தும். விலையை ஏற்றுவதற்காக உறவினரையோ நண்பரையோ விட்டு ஏலம் கேட்கச் செய்வதைத் தளம் தடை செய்திருக்கிறது. சிக்கினால் கணக்கு போய்விடும், வாங்கியவருக்கு அது மோசடியும்கூட.

எழுத்து வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வாணிபத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில், 500 ரூபாய் கட்டணத்தில், உங்கள் பான் எண்ணைக் கொண்டே ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்கலாம். அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையமான டாக் கர் நிர்யாத் கேந்திரா வழியாக அஞ்சல் ஏற்றுமதிப் பட்டியலை இணையத்திலேயே பதியலாம். தங்கம் போன்ற விலையுயர்ந்த உலோகம் சேராத சாதாரணக் கைக்கடிகாரத்துக்குச் சுங்கத் தலைப்பு 9102. ஜி.எஸ்.டி. பதிவு, உறுதிமொழிக் கடிதத்தின்பேரில் வரியின்றி ஏற்றுமதி செய்வது ஆகிய இரண்டையும் முதல் பொட்டலம் போகும் முன்பே உங்கள் ஆடிட்டரிடம் பேசி முடித்துவிடுங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்லியோ, ‘அன்பளிப்பு’ என்று குறிக்கச் சொல்லியோ வாங்குபவர் கேட்டால் மறுத்துவிடுங்கள். பொட்டலம் தொலைந்தால் இழப்பீடும் நீங்கள் எழுதிய அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும்.

கடைசியாக, இரண்டு லட்சத்தையும் வேலையையும் பற்றி. முதல் மூன்று மாதங்களுக்குக் கொள்முதல் எதுவும் செய்யாமல், பரணில் இருப்பதை மட்டும் விற்றுப் பாருங்கள். அதன்பின் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் சில கடிகாரங்களை வாங்கி, அவை விற்றுப் பணமாகக் கைக்கு வந்தபின் அடுத்த தொகையைப் போடுங்கள். மீதிப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். கணக்கராகிய உங்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். தந்தையாரின் சரக்குக்கு அடக்க விலை சுழியம் என்று எழுதினால், முதல் ஆண்டின் இலாபம் மிகப் பெரியதாகத் தெரியும். அந்தச் சரக்கு தீர்ந்த மறுமாதம் இலாபமும் தீர்ந்துவிடும். எனவே ஒவ்வொரு உறைக்கும், அதே பாகத்தை இன்று பழைய உதிரி பாக வியாபாரியிடம் வாங்கினால் என்ன ஆகுமோ அந்த விலையைக் கொள்முதலாக எழுதி வாருங்கள். உங்கள் உழைப்பு நேரத்துக்கும், இப்போது வாங்கும் சம்பளத்தின் மணிக்கணக்கு விகிதத்தில் ஒரு தொகையைத் தனிப்பத்தியில் குறித்து வாருங்கள். அப்படி எழுதிய கணக்கில், ஒரு முழு ஆண்டு முடிந்தபின், சரக்கின் விலை கழிந்து வரும் தொகை உழைப்புக்கு நீங்கள் குறித்த தொகையைத் தாண்டினால் வியாபாரத்தைப் பெருக்கலாம். உங்கள் ஆண்டுச் சம்பளத்தையே எட்டினால் வேலையை விடுவது பற்றி யோசிக்கலாம். அதுவரை மாலை நேரம் போதும்.